இன்னும் ஒரே ஒரு வருஷம்!

உலகத்திலேயே மிக நீளமான வருஷம் எது என்று யாராவது கேட்டால், "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று சொல்லப்படும் அந்த வருஷந்தான் என்று தயங்காமல் பதில் சொல்லலாம். பன்னிரண்டு மாதத்தில் அது முடிவதே இல்லை. அந்நிய நாட்டுப் படை முகாமில் கூலி வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் ஊர் வந்திருக்கும் குடும்பஸ்தரின் வீட்டில் இந்த வார்த்தை அடிக்கடி காதில் விழும். வந்த புதிதில், "இனிமேல் போகிறதாக இல்லை, பட்டதெல்லாம் போதும்" என்கிறார். ஒரு மாதம் கழிந்ததும் பேச்சுக் குறைந்துவிடுகிறது. இரண்டாவது மாதத்தில் பரண்மேல் கிடந்த பெட்டி கீழே இறங்குகிறது. "போகத்தான் வேணுமா?" என்று கேட்கும் மனைவிக்கு அவர் சொல்லும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்.

முதல் தடவை போகிறவரைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. ஏஜெண்டுகளின் மோசடி, பறித்து வைக்கப்பட்ட பாஸ்போர்ட், சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று என்பன போன்ற கதைகள் பத்திரிகைகளில் வந்தன. ஆனால் மறுபடியும் போகிறவர் வேறு வகை மனிதர். அபாயச் சங்கு ஊதினால் எத்தனை விநாடிக்குள் சிமெண்டுச் சுவருக்குப் பின்னால் ஒண்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஜுரம் வந்தால் யார் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் ஒருவர் திரும்பிப் போகிறார் என்றால், அதற்குக் காரணம் பலமாகத்தான் இருக்கவேண்டும். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லுவதும், அசகாய சூரர் என்று சொல்லுவதும் சுலபம். இரண்டும் சரியல்ல.

பட்டாளத்தின் நிழல் பட்டாளம்

ஒரு காலத்தில் அமெரிக்கச் சிப்பாய் தமக்கு வேண்டிய உருளைக்கிழங்கைத் தாமே உரித்தார். தம் துணியைத் தாமே துவைத்தார். 1973-ஆம் வருஷத்தில் அந்தத் தேசத்தில் கட்டாய ராணுவ சேவை நின்றது. சம்பளத்துக்குச் சேருகிற சிப்பாயைக் கொண்டு பாத்திரம் தேய்க்கச் சொல்லுவது கட்டுப்படியாகாது என்று அதிகாரிகள் கண்டார்கள். 1985-ல் ராணுவத்தின் சில்லறை வேலைகளைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கும் திட்டம் ஒன்று தோன்றிற்று. 1992-ல் அதன் முதல் பெரிய காண்டிராக்டு கொடுக்கப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் நடந்த யுத்தங்களில் அந்தச் சிறு செடி பெரிய ஆலமரமாகிவிட்டது.

எவ்வளவு பெரிய மரம் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2011 மார்ச் மாதத்தில் அவ்விரு நாடுகளிலும் இருந்த அமெரிக்கத் துருப்புகள் சுமார் 1,45,000. அதே சமயத்தில் அதே ராணுவத்துக்காகக் காண்டிராக்டு முறையில் வேலை செய்தவர்கள் சுமார் 1,55,000. அதாவது, சிப்பாயை விடச் சமையற்காரரும் சலவைக்காரரும் லாரி டிரைவரும் மின்சார மிஸ்திரியும் காவற்காரருமே அதிகம்! இவர்களில் ஒரு பகுதியார் அமெரிக்கர். ஒரு பகுதியார் உள்ளூர் ஜனங்கள். மீதிப் பேரை ராணுவக் கணக்கில் "மூன்றாம் நாட்டார்" என்று எழுதுவார்கள். யுத்தம் செய்கிற நாடும் அவர்களுடையதல்ல, யுத்தம் நடக்கிற நாடும் அவர்களுடையதல்ல என்பது அதன் பொருள். இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், பங்களாதேசம், இலங்கை, உகாண்டா, கெனியா, பீஜி முதலிய தேசங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள். தமிழ் நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

இவர்களுக்கும் அமெரிக்க சர்க்காருக்கும் நடுவில் ஓர் ஏணி இருக்கிறது. மேற்படியில் பெரிய கம்பெனி. அடுத்த படியில் குவைத்திலோ துபாயிலோ ஜோர்டானிலோ இருக்கும் துணைக் கம்பெனி. அதற்கும் கீழே ஆள் சேர்க்கும் ஏஜெண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ஊருக்கு வந்து ஆசை காட்டும் தரகர். பணம் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளுகிறது. யுத்த காலத்தில் ஈராக்கில் லாரி ஓட்டிய அமெரிக்கர் வருஷத்துக்கு 80,000 டாலருக்கும் மேல் சம்பாதிக்க முடிந்தது. அதே முகாமில் சோறு வடித்த மூன்றாம் நாட்டாருக்குக் கிடைத்தது மாதத்துக்குச் சில நூறு டாலர்கள். இரண்டு பேர் தலைமேலும் விழக்கூடிய குண்டு மட்டும் ஒரே குண்டுதான்.

பஸ்ராவில் எழுதாத பெயர்கள்

இது புதிய கதை என்று நினைக்க வேண்டாம். 1914-ல் மூண்ட மகா யுத்தத்துக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி பிடிக்காதவர்கள். மூட்டை சுமந்தவர், கழுதை மேய்த்தவர், தண்ணீர் இறைத்தவர், ரயில் பாதை போட்டவர், காயம் பட்டவர்களைத் தூளியில் தூக்கியவர் ஆகிய எல்லோருக்கும் ராணுவம் வைத்த பெயர் "பின் செல்வோர்". அவர்களில் பெரும் பகுதியார் போன இடம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக். ஆள் போதாதென்று, தண்டனையைக் குறைப்பதாக ஆசை காட்டி, சிறைக் கைதிகளையும் கப்பலேற்றினார்கள். கடல் கடந்த தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1917 மார்ச்சில் நிறுத்தப்பட்டதற்கும், யுத்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது ஒரு காரணம்.

அந்த யுத்தத்தில் மாண்டு, கல்லறை தெரியாமற் போனவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களை அதில் ஒவ்வொன்றாகப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் விஷயத்தில், படைப் பிரிவின் பெயரை எழுதி, அதில் மாண்டவர் இத்தனை பேர் என்று எண்ணை மட்டும் போட்டார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு, 2021 ஏப்ரலில், யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பிரிட்டிஷ் காமன்வெல்த் கமிஷன் இப்படிப்பட்ட பாரபட்சங்களை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

எண் இருந்தது, பெயர் இல்லை. மறுபடியும் முகாமுக்குப் போகிற மனிதரின் கதையில் இந்த ஒரு வாக்கியத்தை நாம் மறக்கக் கூடாது.

திரும்பிப் போவது ஏன்?

ஒரு குடும்பத்தின் கணக்கை நாமே எழுதிப் பார்ப்போம். முதல் வருஷத்துச் சம்பளத்தில் பெரும் பகுதி, போவதற்காக வாங்கிய கடனுக்கும் அதன் வட்டிக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஆகவே, முதல் வருஷம் அவர் உழைத்தது குடும்பத்துக்காக அல்ல, ஏஜெண்டுக்காக! இரண்டாவது வருஷத்தில்தான் கையில் பணம் தங்குகிறது. அதைக் கொண்டு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார். அஸ்திவாரம் போட்ட பிறகு சுவர் எழுப்பாமல் இருக்க முடியுமா? சுவர் எழும்பிய பிறகு கூரை வேண்டாமா? கூரை போட்டு முடிப்பதற்குள் தங்கைக்குக் கல்யாணம் வருகிறது. பெண் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போகிறாள்.

வேறொரு காரணமும் உண்டு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. முகாமில் அவர் ஓர் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர். ஆயிரம் பேருக்கு நேரம் தவறாமல் உணவு தயாரிக்கத் தெரிந்தவர். ஊரில் அந்தத் தேர்ச்சிக்குச் சந்தையில் விலை இல்லை. பல வருஷம் வெளியில் இருந்தபடியால் நிலமும் கைவிட்டுப் போயிற்று. தொழில் உறவுகளும் விட்டுப் போயின. குழந்தை, "அம்மா, இந்த மாமா எப்போது போவார்?" என்று கேட்டாலும் கேட்கும். வீட்டுக்கு வந்த மனிதர் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். திரும்பிப் போவது அவருக்குப் பழகிய இடத்துக்குப் போவதாகவே ஆகிவிடுகிறது.

தடை உத்தரவுகள் இந்தக் கணக்கை மாற்றிவிடுவதில்லை. 2004 ஜூலையில் ஈராக்கில் லாரி ஓட்டிய மூன்று இந்தியர்கள், கெனியா, எகிப்து தேசத்துத் தோழர்களோடு சேர்த்துக் கடத்தப்பட்டுச் செப்டம்பர் முதல் தேதி விடுதலையானார்கள். இந்திய சர்க்கார் ஈராக்குக்கு வேலைக்குப் போவதைத் தடுத்தார்கள். ஆயினும் குவைத் வழியாகவும் துபாய் வழியாகவும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதே 2004 ஆகஸ்டில், ஜோர்டானில் வேலை என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்பிய நேபாளத்துத் தொழிலாளர் பன்னிரண்டு பேர், ஈராக்கில் உள்ள அமெரிக்க விமானத் தளத்துக்குப் போகும் வழியில் பிடிபட்டுக் கொலையுண்டார்கள். செய்தி வந்ததும் காத்மாண்டு நகரமே கொந்தளித்தது. ஆனால் சில மாதத்துக்குள் நேபாளிகள் மறுபடியும் பயணமாயினர். கடனுக்கு வட்டி, தடையுத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை அல்லவா?

சட்டம் ஒன்று இருக்கிறது

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1941-ல் அமெரிக்காவில், வெளிநாட்டுத் தளங்களில் காண்டிராக்டு வேலை செய்பவர்களுக்காக ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் அச்சட்டத்தின் அவசியம் உலகத்துக்கு விளங்கிற்று. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் உள்ள வேக் தீவில் சுமார் 1,100 அமெரிக்கத் தொழிலாளர்கள் தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 23-ல் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. பெரும்பாலோரைக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். வேலைக்காக நிறுத்தி வைத்த 98 பேரை 1943 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் தப்பி ஓடி, ஒரு பாறையில் 98 என்ற எண்ணையும் தேதியையும் செதுக்கினார். பிறகு அவரும் பிடிபட்டு மடிந்தார். பாறை இன்றும் இருக்கிறது; செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கேயும் எண் இருக்கிறது, பெயர் இல்லை.

அந்த 1941-ஆம் வருஷத்துச் சட்டம் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க சர்க்காரின் காண்டிராக்டில், எந்தப் படியில் வேலை செய்தாலும், பொதுவாக எந்தத் தேசத்தாருக்கும் அது பொருந்தும். வேலையில் காயம் பட்டு முழுவதும் உழைக்க முடியாமற் போனால் சராசரிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். உயிர் போனால் மனைவிக்குப் பாதிச் சம்பளம். குழந்தைகளும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரையில். ஆனால் அமெரிக்காவில் வசிக்காத அந்நியருக்கு, வரவேண்டிய தொகையை மொத்தமாகக் கணக்கிட்டு அதில் பாதியை மட்டும் கொடுத்துத் தீர்த்துவிடவும் சட்டம் இடங்கொடுக்கிறது. உயிருக்கு விலை போடுவதிலும் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள்!

காயம் பட்டால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது பொது விதி. அரியலூருக்குப் பக்கத்திலோ ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலோ ஒரு கிராமத்தில் உள்ள விதவைக்கு இந்த விதி எப்படித் தெரியும்? அதனால்தான் சாவுக் கணக்கே சரியாக வருவதில்லை. 2001-க்குப் பிறகு நடந்த யுத்தங்களில் மாண்ட அமெரிக்கப் படையினர் சுமார் 7,000 பேர் என்றும், மாண்ட காண்டிராக்டுத் தொழிலாளர் சுமார் 8,000 பேர் என்றும் அமெரிக்காவின் பிரௌன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் மதிப்பிட்டார்கள். முதல் எண் கணக்கு. இரண்டாவது எண் உத்தேசம். ஏனென்றால், மூன்றாம் நாட்டார் பலருடைய சாவு எந்த ஆபீஸ் புஸ்தகத்திலும் பதிவாகவில்லை.

குண்டு மட்டுந்தான் அபாயம் என்பதும் இல்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் முகாம்களில் சேர்ந்த குப்பையைப் பெரிய பள்ளங்களில் கொட்டி வெட்டவெளியில் எரித்தார்கள். பிளாஸ்டிக்கும் பெயிண்டும் பாட்டரியும் சேர்ந்து எரிந்த அந்தப் புகையைச் சிப்பாயும் சுவாசித்தார். குப்பை அள்ளியவரும் சுவாசித்தார். 2022 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அதன்படி, அங்கே சேவை செய்த சிப்பாய்க்குக் குறிப்பிட்ட சில நோய்கள் வந்தால் புகையினால் வந்ததாகவே கொள்ளவேண்டும். அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. காண்டிராக்டுத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது. தம் இருமலுக்கு அவர் தாமே சாட்சி தேடவேண்டும்.

பெட்டியில் வைக்கவேண்டிய காகிதங்கள்

ஆகையால், போகிறவரைத் தடுக்க முடியாத வீட்டார் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. ஊறுகாய் ஜாடியைப் பெட்டியில் வைப்பதற்கு முன் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம். 2012 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பிறப்பித்த உத்தரவும், அதைத் தொடர்ந்த விதிகளும், அமெரிக்க சர்க்கார் காண்டிராக்டில் வேலைக்கு எடுக்கப்படும் தொழிலாளியிடம் ஆள் சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லுகின்றன. இந்தியச் சட்டத்தில், பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் வாங்கலாம் என்று ஒரு வரம்பு வைக்கப்பட்டது. படை முகாம் வேலைக்கு அந்த 30,000 ரூபாயும் கேட்கக் கூடாததே. லட்சக் கணக்கில் கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். முதல் வருஷத்தை ஏஜெண்டுக்குத் தானம் செய்யாவிட்டால், கடைசி வருஷம் ஒன்று குறையுமே!

இரண்டாவது, ஒப்பந்தம். தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில் எழுதப்பட்ட வேலைப் பத்திரத்தை, அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பாகக் கொடுக்கவேண்டும் என்பதும் அந்த விதிகளைச் சேர்ந்ததே. சம்பளம், வேலை, இடம் மூன்றும் அதில் இருக்கவேண்டும். "விமான நிலையத்தில் தருகிறோம்" என்றால் சந்தேகிக்கலாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் அதே விதிகளில் குற்றம்.

மூன்றாவது, பெயர்கள். எந்தக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, அதற்கு மேலே எந்தக் கம்பெனி, எந்த முகாம், நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் யாரிடம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால், காயம் பட்டவருக்கும் மாண்டவரின் வீட்டாருக்கும் வழக்கு நடத்துவது கஷ்டம்.

நான்காவது, இந்திய சர்க்காரின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 10 லட்ச ரூபாய்க்கு உள்ள இந்த இன்ஷூரன்ஸுக்கு 2017-ல் திருத்திய திட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் 275 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். முதல் தடவை போகும்போது எடுத்த பத்திரம் மறு தடவைக்குள் காலாவதியாகி இருக்கும். திரும்பிப் போகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

கடைசியாக ஒன்று. எந்தத் தளமும் சாசுவதமல்ல. ஆப்கானிஸ்தானத்துப் பக்ராம் தளத்தில் இருபது வருஷம் விளக்கு அணையவில்லை. 2021 ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். ஆகஸ்டில் அது தாலிபான்கள் கைக்குப் போயிற்று. அங்கே சமைத்தவர்களுக்கும் துவைத்தவர்களுக்கும் இன்னும் ஒரு வருஷம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே, இந்தத் தடவை எந்தத் தொகையோடு திரும்புவது, திரும்பி வந்து செய்யப்போகும் தொழில் எது என்று முன்கூட்டியே முடிவு செய்து, புருஷனும் மனைவியும் சேர்ந்து எழுதி வைக்கவேண்டும். எல்லை வகுக்காத வருஷத்துக்கு முடிவு கிடையாது.

தேசத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம்முடைய சகோதரர்கள் வேறு நாட்டார் யுத்தத்தில் சோறு வடிக்கப் போகும்படியான நிலைமையை மாற்றுவது நீண்ட நாள் காரியம். யார் போனார்கள், எங்கே போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்று ஊர் வாரியாகப் பெயரெழுதி வைப்பது இன்றே செய்யக்கூடிய காரியம். பஸ்ராவில் நம் பாட்டனார்களை எண்ணாக எழுதியவர்கள் அந்நியர்கள். அவர்களுடைய பேரன்மார்களையும் எண்ணாகவே விட்டு வைத்தால் அந்தப் பழி நம்மைத்தான் சாரும்.